வளர்ந்தபின் மீண்டும் குதிரை ஏற: ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் குதிரையோடு பழகியவர்கள் தமிழ்நாட்டில் நாம் நினைப்பதைவிட அதிகம். பழனியில் ஜட்கா வண்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள், வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், ஊட்டிப் பக்கம் விடுதிப் பள்ளியில் படித்தவர்கள், கால்நடை மருத்துவக் கல்லூரியில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவர்கள், என்னைப்போல் கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகளின் பின்னாலேயே சுற்றியவர்கள் என்று நிறையப் பேர் இருக்கிறோம். படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று இருபது முப்பது வருடம் போய்விடுகிறது. அப்புறம் மறுபடி ஏறவேண்டும் என்று தோன்றும்போது எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை.

புதிதாகக் கற்க வருகிறவருக்குத் தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தெரியும். திரும்பி வருகிறவருக்கு அப்படி இல்லை, அவருக்கு நினைவு இருக்கிறது. அது பத்து வயது உடம்பின் நினைவு. வேறு ஒரு குதிரையின் முதுகில் உண்டான நினைவு. அது உதவியும் செய்யும், இடைஞ்சலும் செய்யும். எங்கே உதவும், எங்கே இடிக்கும் என்பதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். அவசரப்படாமல் போனால் வீட்டில் தயாராவதற்கு இரண்டு மாதம், லாயத்தில் அடிப்படைகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்.

முதலில் பழைய குதிரையை எழுதி வையுங்கள்

லாயத்துக்குப் போவதற்கு முன்பே ஒரு நோட்டை எடுத்து, உங்களுக்கு நினைவிருக்கும் ஒவ்வொரு குதிரையையும் பற்றி எழுதுங்கள். நெகிழ்ச்சிக்காக இதைச் சொல்லவில்லை. பயிற்சியாளர் முதல் நாளே, "முன்னால் ஓட்டியிருக்கிறீர்களா? எவ்வளவு?" என்று கேட்பார். "சின்ன வயசுல நிறைய ஓட்டியிருக்கேன்" என்ற பதிலை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயர், நிறம், உயரம் எவ்வளவு, ஆணா பெண்ணா என்று தொடங்குங்கள். சுழி நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். நம் ஊரில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நல்ல சுழி, ஆகாத சுழி என்று பெரிய கணக்கே உண்டு. அந்த நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். நெற்றியிலும் கழுத்திலும் மயிர் சுழன்றிருக்கும் விதம் குதிரைக்குக் குதிரை மாறும் என்பதால், வெளிநாடுகளில் குதிரைகளின் அடையாளச் சீட்டில் சுழியைக் குறித்து வைக்கிறார்கள். பழைய புகைப்படத்தில் இருப்பது எந்தக் குதிரை என்ற குழப்பத்தை இது தீர்த்துவைக்கும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்த ராணிக்கு இடது கண்ணுக்குச் சற்று மேலே ஒரு சுழி, அதிலிருந்து கீழ்நோக்கி விரல் அகலத்தில் வெள்ளை. மங்கிப்போன படத்திலும் அதை வைத்து அவளைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, அந்தக் குதிரையின் மேல் நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். சேணம் இருந்ததா, வெறும் முதுகா? யாராவது முன்னால் கயிற்றைப் பிடித்து நடந்தார்களா? குதிரையை நிறுத்தியது நீங்களா, அதுவே நின்றதா? இந்தக் கேள்வி முக்கியம். ராணி ஏரியைச் சுற்றும்போது சோளம் சுடும் கடையருகே தவறாமல் நிற்பாள், ஏறியிருப்பவர் லகானை இழுத்தாலும் இழுக்காவிட்டாலும். சுற்றுலாக் குதிரைகள் வழியை மனப்பாடம் செய்துவைத்திருக்கும். முன்னால் போகும் குதிரையின் பின்னாலேயே போகும். ஆக, நம்மில் பலர் சின்ன வயதில் கற்றது உட்காரத்தான், ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அதுவும் பெரிய சொத்துதான். குதிரையின் அசைவுக்கு இடுப்பைத் தளர்த்தி உட்காரப் புதியவருக்குப் பல வகுப்புகள் தேவைப்படும். ஆனால் அந்தச் சொத்தின் அளவைச் சரியாகத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பழைய படங்கள் கிடைத்தால் இப்போதைய கண்ணால் ஒருமுறை பாருங்கள். விலா எலும்பு தெரிகிறதா, சேணத்துக்கு அடியில் புண்ணோ முடி உதிர்ந்த தழும்போ இருக்கிறதா, குளம்பு நீண்டு வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சிலருக்கு இது மனக்கஷ்டத்தைத் தரும். நாம் உயிராய் நேசித்த குதிரை களைத்துப்போய் வாழ்ந்தது என்று இப்போது புரியும். ஒரு குழந்தைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அந்த வருத்தத்தை, நாளைக்கு லாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குதிரை இன்னும் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு: நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 வருடம் வாழும். நீங்கள் இருபதுகளின் நடுவில் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தீனி கொடுத்துக் கனிவாகப் பழக்கப்பட்ட இளங்குதிரைகள், பல மாதப் பிரிவுக்குப் பிறகும் மனிதர்களை நாடி வந்தன. ஆகவே பழகிய விதம் அவற்றின் மனதில் தங்கும் என்று நம்பலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் குதிரை இப்போது இருக்காது. அதை ஏற்றுக்கொண்டுதான் புதுக் குதிரையிடம் போகவேண்டும்.

உடம்பைத் தயார் செய்வது: ஆறு முதல் எட்டு வாரம்

முதலில் மருத்துவரைப் பாருங்கள். முதுகுத்தண்டில் வட்டு விலகல், மூட்டு மாற்று அறுவை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, தலைசுற்றல் ஆகியவை இருந்தால் கட்டாயம் கேட்கவேண்டும். மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பின் அடர்த்தியைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. விழுந்தால் என்ன ஆகும் என்பது அதைப் பொறுத்தது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்றும் பாருங்கள். குதிரைச் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் அந்தக் கிருமி சாதாரணமாக இருக்கும்.

குதிரை ஏறுவதில் அதிகம் வேலை செய்பவை உள்தொடைத் தசைகள், இடுப்பு மூட்டு, வயிற்றையும் கீழ்முதுகையும் தாங்கும் தசைகள். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் நமக்கு இவை எல்லாம் இறுகிப் போயிருக்கும். இதற்கு ஜிம் வேண்டியதில்லை. தினமும் சில நிமிடம் குத்துக்கால் வைத்து உட்காருங்கள், குதிகால் தரையில் படும்படி. பாதங்கள் இரண்டையும் ஒட்டிவைத்து முழங்காலை விரித்து உட்காரும் பத்த கோணாசனம் உள்தொடையைத் திறந்துவிடும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துப் பத்தாக மூன்று தடவை செய்யுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். மாடிப்படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைக் கீழே இறக்குங்கள். சேணத்தில் கேட்கப்படும் நிலை அதுவேதான்: பாதத்தின் அகலமான பகுதி அங்கவடியில் (சேணத்தின் இருபுறமும் பாதம் வைக்கத் தொங்கும் இரும்பு வளையம்), குதிகால் கீழே.

வயதை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒருவரைச் சொல்கிறேன். ஜப்பானின் ஹிரோஷி ஹொகெட்சு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தடை தாண்டும் போட்டியில் கலந்துகொண்டார். அடுத்து ஒலிம்பிக்கில் அவர் போட்டியிட்டது 2008-ல்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் (குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டி) பிரிவில் குதிரை ஓட்டியபோது அவருக்கு வயது 71.

நல்ல லாயத்தைக் கண்டுபிடிப்பது

சென்னை, கோவை, பெங்களூரு, ஆரோவில் பக்கங்களில் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் முதல் தடவை குதிரை ஏறுவதற்காகப் போகாதீர்கள். சும்மா பார்க்கப் போங்கள், அதிகாலையில், வகுப்பு நடக்கும்போது. ஒரு மணி நேரம் ஓரமாக நின்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

குதிரைகளின் முன்னால் சுத்தமான தண்ணீர் இருக்கிறதா? வயிற்றுவார் கட்டும் இடத்திலும் முதுகிலும் வாயோரத்திலும் புண் இருக்கிறதா? ஆள் கிட்டே வரும்போது குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறதா, காதை முன்னால் வைத்து எட்டிப் பார்க்கிறதா? லாடம் அடிப்பவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்பதுதான் சரியான பதில். ஒரு குதிரை நாளைக்கு எத்தனை வகுப்பு செய்கிறது என்றும் கேளுங்கள். குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரிடம் தனியாகப் பேசுங்கள். குதிரையின் பெயரையும் குணத்தையும் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தால் அது நல்ல லாயம்.

எடையைக் கேட்காத இடத்துக்குப் போகாதீர்கள். ஏறுகிறவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் போகக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 80 கிலோ எடையுள்ளவர், 8 கிலோ சேணம் என்றால் குதிரை குறைந்தது 440 கிலோ இருக்கவேண்டும். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் அந்த அளவில் இருக்கும். மலைவாசத்தலத்து மட்டக்குதிரை 250 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது தாங்கவேண்டியது 50 கிலோதான். சின்ன வயதில் நம்மைச் சுமந்த குதிரையின் மேல் இன்று ஏறவே கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். "உங்கள் எடைக்கு எங்களிடம் குதிரை இல்லை" என்று ஒரு பள்ளி சொன்னால் வருத்தப்படாதீர்கள். குதிரைமேல் அக்கறை உள்ளவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைகளைப் பற்றி ஒன்று. வேகமாக ஓடவே பழக்கப்பட்டவை அவை. சில பந்தயக் குதிரைகள், லகானை இறுக்கினால் மெதுவாவதற்குப் பதில் அதில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும். மறுபயிற்சி கொடுக்கப்பட்டதா, எத்தனை வருடமாகப் பள்ளியில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மொத்தமாகப் பணம் கட்டும் திட்டத்தில் உடனே சேராமல் ஒரே ஒரு வகுப்புக்குக் கட்டுங்கள். அந்த வகுப்பு லன்ஜிங்காக இருக்கட்டும் என்று கேளுங்கள். அதாவது பயிற்சியாளர் நடுவில் நின்று நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாகச் சுற்றவிடுவார்; நீங்கள் உட்காருவதை மட்டும் கவனிக்கலாம். திரும்பி வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. "எனக்குத்தான் தெரியுமே" என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள், லகானைப் பிடித்துத் தொங்கும் பழைய பழக்கத்தை அப்படியே தொடர்வார்கள். அந்தத் தொங்கலின் முழு வலியும் குதிரையின் வாய்க்குப் போகிறது.

உடையும் காலணியும்

தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்றே செய்ததாக இருக்கவேண்டும். சைக்கிளுக்கோ பைக்குக்கோ உள்ளது ஆகாது. உள்ளே ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 போன்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். லாயத்தில் இரவல் கிடைக்கும் என்றாலும், தொடர்ந்து போவதாக முடிவு செய்த அன்றே சொந்தமாக வாங்கிவிடுங்கள். பலமாக ஒருமுறை அடிபட்டால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடவேண்டும்.

காலணிக்கு ஓர் அங்குலம் அளவுக்குக் குதிகால் கட்டை இருக்கவேண்டும். தட்டையான ஸ்போர்ட்ஸ் ஷூ அங்கவடிக்குள் முழுவதும் நுழைந்துவிடும், விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். குதிரையேற்றத்தில் மிக மோசமான விபத்துகளில் அது ஒன்று. பேண்ட் உள்பக்கம் தடித்த தையல் இல்லாததாக, நீண்டு கொடுக்கும் துணியாக இருக்கட்டும். துப்பட்டா வேண்டாம். கொண்டை போட்டால் கவசம் சரியாக உட்காராது. தாழ்வாகப் பின்னல் போடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். தாலிச்சரடு சட்டைக்குள் போகட்டும். மெட்டி போட்டிருப்பவர்கள் தடித்த காலுறை அணியாவிட்டால் அரை மணி நேரத்தில் விரல் ரணமாகும்.

முதல் நாள் தரையிலேயே

என் கருத்தில் இந்தப் படிதான் எல்லாவற்றிலும் பெரியது. நேராகச் சேணம் பூட்டி நிற்கும் குதிரையின் மேல் ஏற்றிவிடும் இடங்கள் நிறைய உண்டு. அரை மணி நேரம் முன்னதாகவே வந்து, தேய்த்துவிடவும் சேணம் பூட்டவும் அனுமதி கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 பாகை வரை தெரியும். நேர் பின்னால் ஒரு பகுதியும் நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு பகுதியும் தெரியாது. அதனால் தோளை நோக்கிச் சாய்வாக, பேசிக்கொண்டே போங்கள். முகத்தை நோக்கிக் கையை நீட்டாதீர்கள். புறங்கையைக் காட்டி முகர்ந்துபார்க்க விடுங்கள், பிறகு தோளில் கை வையுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று நட்பு காட்டுவது கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் சொறிந்துவிட்டுத்தான். அங்கே விரல் நுனியால் அழுத்திச் சொறிந்துவிட்டால், சில குதிரைகள் மேலுதட்டை நீட்டி நெளிக்கும். பழைய நினைவு உங்களுக்கு முழுதாக உதவும் இடம் இதுதான். குதிரைக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் கை, எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை மறப்பதில்லை.

தேய்ப்பதற்கு முதலில் ரப்பர் பிரஷ், வட்ட வட்டமாக, சதைப்பற்றுள்ள இடங்களில் மட்டும். அடுத்து கெட்டிப் பிரஷ், மயிர் படிந்திருக்கும் திசையில். கடைசியாக மிருதுவான பிரஷ், முகத்துக்கும் கால்களுக்கும். சேணமும் வாரும் உட்காரும் இடத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு சிறு முள், காய்ந்த சேறு, சூடான வீக்கம் எது கையில் பட்டாலும் சொல்லிவிடுங்கள். குளம்பைச் சுத்தம் செய்யும்போது கொக்கியைக் குளம்பின் பின்பக்கத்திலிருந்து முன்நுனிப் பக்கமாக இழுக்கவேண்டும். நடுவில் வி வடிவில் இருக்கும் மெத்தென்ற பகுதியைக் குத்தக்கூடாது. கயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டால் விரல் போய்விடும்.

தீனி கொடுக்க ஆசையாக இருக்கும். லாயத்தில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்றால் வரும் வயிற்றுவலியால் உயிரே போகலாம். சின்ன வயதில் நாம் பிஸ்கட்டும் ரொட்டியும் கொடுத்திருப்போம். இப்போது கேரட்டை நீளவாக்கில் நறுக்கி, தட்டையாக விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

ஏறுவதும் நடையும்

வயிற்றுவாரை இரண்டு தடவை சரிபார்க்கவேண்டும். ஏறும் முன் ஒருமுறை, சில நிமிடம் நடந்த பிறகு இன்னொருமுறை. பல குதிரைகள் வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும். நடந்ததும் வார் தளர்ந்துபோகும். அங்கவடி நீளத்துக்கு எளிய அளவு: விரல் நுனியை மேலே அதன் வார் தொடங்கும் இடத்தில் வைத்தால், அடியிலுள்ள இரும்பு உங்கள் அக்குளைத் தொடவேண்டும்.

மேடை வைத்து ஏறுங்கள். தரையிலிருந்து தாவி ஏறுவதுதான் வீரம் என்று சின்ன வயதில் நினைத்திருப்போம். அப்படி ஏறும்போது நம் எடை முழுதும் ஒரு பக்கமாகத் தொங்கி, குதிரையின் முதுகை முறுக்குகிறது. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். மற்றவர்கள் தூக்கி ஏற்றிவிட்டுத்தான் குதிரை ஓட்டினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வென்றார். மேடையைக் கேட்கக் கூச்சமே வேண்டாம்.

ஏறியதும் சேணத்தில் தொப்பென்று விழாமல் மெல்ல அமருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். முழங்காலால் சேணத்தை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். வெறும் முதுகில் ஓட்டியவர்களுக்கு இது ஊறிப்போன பழக்கம். இறுக்க இறுக்க உடம்பு மேலே எழும்பும், சமநிலை போகும். தொடையைத் தளரவிட்டு எடையைக் குதிகாலுக்கு இறக்குங்கள்.

முதல் இரண்டு மூன்று வகுப்புகள் நடையிலேயே போகட்டும். நிற்க, திரும்ப, வட்டம் போட, மறுபடி நிற்க. திரும்பவேண்டிய பக்கம் முதலில் பார்வை போகட்டும், பிறகு தோள், கடைசியாகத்தான் லகான். நிறுத்துவதற்கு மூச்சை நீளமாக வெளியே விட்டு உடம்பைக் கனமாக்குங்கள். நன்கு பழகிய குதிரை லகானை இழுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கணத்தில்தான் உட்கார்ந்து போவதற்கும் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் முதன்முதலாகப் புரியும்.

தாளம் பிடிப்பது: ட்ராட், கேன்டர்

குதிரையின் நடைகளுக்குத் தனித்தனித் தாளம் உண்டு. சாதாரண நடையில் நான்கு குளம்பும் ஒவ்வொன்றாகத் தரையில் படும்: தகதிமி. ட்ராட் என்ற மிதமான ஓட்டத்தில் எதிரெதிர் மூலையிலுள்ள கால்கள் ஜோடியாக இறங்கும்: தக, தக. அதைவிட வேகமான கேன்டர் என்ற பாய்ச்சலில் மூன்று அடி, பிறகு நான்கு காலும் காற்றில் இருக்கும் ஒரு சிறு இடைவெளி: தகிட, தகிட. இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். தாளம் பிடிபடும், மூச்சும் அடைபடாது. பயந்தால் நாம் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், குதிரை அதை உடனே உணர்ந்து தானும் இறுகும். சொல்கட்டு சொல்கிறவரால் மூச்சைப் பிடித்து வைக்க முடியாது.

ட்ராட்டில் ஓர் அடிக்கு எழுந்து மறு அடிக்கு உட்காருவது ரைசிங் ட்ராட். வட்டத்தின் வெளிப்பக்க முன்னங்கால் முன்னே போகும்போது எழவேண்டும். ஆரம்பத்தில் குதிரையின் வெளித்தோளைக் கடைக்கண்ணால் பாருங்கள். தோள் முன்னே போனால் நீங்கள் மேலே. திசை மாற்றும்போது ஓர் அடி கூடுதலாக உட்கார்ந்து மாற்றிக்கொள்ளவேண்டும். பாதத்தை உதைத்து எழாமல், குதிரை தூக்கிவிடும் விசையிலேயே இடுப்பு முன்னே போகட்டும். முதல் வாரங்களில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நடைக்கு வந்துவிடுங்கள். களைத்த உடம்பு சேணத்தில் மோதும், அந்த அடி எல்லாம் குதிரையின் முதுகுக்குத்தான்.

கேன்டருக்கு அவசரம் வேண்டாம். லகானையோ சேணத்தையோ பிடிக்காமல் ட்ராட்டில் அமைதியாகப் போக முடிகிற அன்றைக்குக் கேட்கலாம். திரும்பி வருகிறவர்கள் பலர் முதல் வாரமே பாய்ச்சலைக் கேட்பதற்குக் காரணம், நினைவில் தங்கியிருப்பது பாய்ச்சல்தான். ஏரிக்கரையிலிருந்து லாயத்துக்குத் திரும்பும் குதிரை, தீனியை நினைத்து ஓடிய ஓட்டமாகவும் அது இருக்கலாம்.

பயம், விழுதல்

பத்து வயதில் இல்லாத பயம் இப்போது வரும். வீட்டுக் கடன், பிள்ளைகள், நாளை அலுவலகம் எல்லாம் சேணத்தில் கூடவே ஏறி உட்காரும். இதைப் பயிற்சியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மறைத்தால் அவர் உங்களுக்கு மீறிய குதிரையைக் கொடுப்பார்.

அவசரமாக இறங்குவதை முதல் வாரமே, நிற்கும் குதிரையில் பயிலுங்கள்: இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்து, முன்னால் சாய்ந்து, வலது காலைப் பின்னால் வீசி இரு பாதத்திலும் இறங்குவது. குதிரை கட்டுக்கு அடங்காமல் போனால் இரண்டு லகானையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டமாகத் திருப்பி வட்டத்தைச் சிறிதாக்குங்கள். இதையும் நடையில் பழகிவைத்திருக்கவேண்டும்.

விழுந்தால் உடனே மறுபடி ஏறவேண்டும், இல்லாவிட்டால் பயம் தங்கிவிடும் என்று நம்மிடம் சொல்லி வளர்த்தார்கள். தலையில் அடிபட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம், பார்வை மங்கல், நடந்ததை மறந்துபோவது இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். அடி இல்லை, நடுக்கம் மட்டும்தான் என்றால், குதிரையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தாலே அன்றைக்குப் போதும்.

ஓட்டி முடித்த பிறகு

கடைசிப் பத்து நிமிடம் நடை, தளர்ந்த லகானோடு. நம் ஊர் வெயிலில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும். இறங்கியதும் வாரைத் தளர்த்துங்கள், தண்ணீர் காட்டுங்கள். நல்ல புழுக்கத்தில் உழைத்த குதிரைக்கு வியர்வையே இல்லை என்றால் அது ஆபத்தின் அறிகுறி, உடனே சொல்லவேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை. தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பது எப்படி என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பு மறுநாளைவிட இரண்டாம் நாள் அதிகம் வலிக்கும். வெந்நீர்க் குளியலும் மெதுவான நடையும் போதும். வலி குறைந்தபின், வகுப்பை வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்று வைத்துக்கொண்டால் உடம்பு பழகிவிடும். மாதம் ஒருமுறை போவதில் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் முதல் நாளாகவே இருக்கும்.

நோட்டைத் தொடருங்கள். இன்று எந்தக் குதிரை, எந்தப் பக்கம் திரும்பக் கஷ்டப்பட்டது, எதைப் பார்த்து மிரண்டது என்று எழுதுங்கள். சில மாதத்தில், பழைய குதிரைகளின் பக்கங்களைவிட இந்தப் பக்கங்களில் விவரம் அதிகமாக இருக்கும். பழைய குதிரையை மறந்துவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. இப்போது உங்களுக்குக் குதிரையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

சொந்தக் குதிரை வாங்கும் ஆசை

இது கட்டாயம் வரும். ஒரு வருடமாவது தொடர்ந்து ஓட்டாமல், ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் லாய வேலை பார்க்காமல் வாங்காதீர்கள். அதுவரை, பள்ளிக் குதிரை ஒன்றின் செலவில் பங்கெடுத்து அதை வாரத்தில் சில நாள் ஓட்டும் ஏற்பாடு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். கத்தியவார், மார்வாரி குதிரைகளின் உள்நோக்கி வளைந்த காதுகளை அங்கே நெருக்கத்தில் பார்க்கலாம். முதல் வருடம் பார்க்க மட்டும் போங்கள், பணம் கொண்டுபோகாதீர்கள். சந்தையில் ஆடவும் இரண்டு காலில் நிற்கவும் பழக்கிய குதிரைகள் கண்ணைப் பறிக்கும். அவை திரும்பி வரும் ஒருவர் ஓட்டுவதற்கு ஏற்றவை அல்ல.

வாங்கும்போது, தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்ற பழமொழியை மறந்துவிட்டு, கால்நடை மருத்துவரை வைத்துப் பல்லைப் பாருங்கள், வயது தெரியும். கால்கள், குளம்பு, கண், மூச்சு எல்லாவற்றையும் அவர் சோதிக்கட்டும். கிளாண்டர்ஸ் என்ற நோய்க்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய் அது. ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான சோதனை நடக்கிறது. மாதிரியை அனுப்பும் வழியை மருத்துவர் சொல்வார்.

ஐந்து வயதுக் குதிரையை ஐம்பது வயதில் வாங்கினால், அதன் முதுமையையும் உங்கள் எழுபதையும் சேர்த்தே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பத்து, பன்னிரண்டு வயதுக் குதிரையைத் தேடுங்கள். அந்த வயதில் குணம் நிலைத்திருக்கும், வெளி உலகம் பழகியிருக்கும், பயிற்சியும் முடிந்திருக்கும். வாங்குவதற்கு முன் அதே குதிரையை வேறு வேறு நாட்களில், வேறு வேறு நேரத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள். சேணம் பூட்டுவதிலிருந்து தீனி வைப்பது வரை எல்லாவற்றையும் உங்கள் கையால் செய்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.